ரெக்கார்டு 3-ம் நம்பர் வைஸ்: நீலகிரியில் பழசு வாங்குவோருக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் காயலான் கடைகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து வைஸ் (வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைச் சாமான்) கண்ணில் படுகிறதென்றால் அதற்குக் காரணம் தேயிலைதான். இலை உருட்டும் ஜாக்சன் ரோலர் இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் கம்பெனியிலிருந்து வந்தது. உலர்த்தும் சிராக்கோ டிரையர் பெல்ஃபாஸ்ட்டின் டேவிட்சன் கம்பெனியிலிருந்து வந்தது. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஃபேக்டரிக்கு ஒரு ஃபிட்டர் ஷெட், ஷெட்டுக்கு ஒரு பெஞ்ச், பெஞ்சுக்கு ஒரு வைஸ். அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் கிளாஸ் இன்ஜின்கள் வந்தன. கேத்தியில் ஊசித் தொழிற்சாலை 1949-இல் வந்தது. அரம் பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் பிடித்த சாமான்தான் இன்று எடைக்குப் போகிறது.

ரெக்கார்டு என்பது ஷெஃபீல்டின் சி. அண்டு ஜே. ஹாம்ப்டன் கம்பெனியின் வணிகப் பெயர். ஃபிட்டர் வைஸ்களில் 3-ம் நம்பருக்குத் தாடை அகலம் 4 அங்குலம், 5-க்கு 5 அங்குலம், 6-க்கு 6 அங்குலம். 23, 24, 25 என்ற நம்பர்கள் லீவரை அழுத்தினால் தாடை சறுக்கி ஓடும் வகை. தச்சு பெஞ்சுக்கு அடியில் மாட்டும் வகையில் 52 என்றால் 7 அங்குலம், 52½ என்றால் 9, 53 என்றால் 10½. நீலப் பெயின்ட், பெயரும் நம்பரும் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். வீட்டுப் பட்டறைக்கும் சின்ன ரிப்பேர் கடைக்கும் 3-ம் நம்பர் போதும். 6-ம் நம்பர் பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் அதைத் தாங்க மூன்று அங்குலப் பலகை பெஞ்ச் வேண்டும்.

இந்த வைஸின் தரம் மூன்று இடங்களில் தெரியும். முன்தாடையின் நீண்ட தண்டு, உடலுக்குள் இருக்கும் பள்ளத்தில் ஆடாமல் பொருந்தி ஓடும். தாடைத் தகடுகள் கடினப்படுத்திய எஃகு. திருகைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தாடைக்குக் கீழே கழுத்துப் பகுதியில் வார்ப்பு தாராளமான கனத்தோடு இருக்கும். மலிவான புது வைஸ்களில் முதலில் குறைவது இந்தக் கழுத்துக் கனம்தான். வெளியே பருத்துத் தெரியும். கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே குடைவாக இருக்கும். எந்த வைஸ் வாங்கினாலும் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.

பழசை வாங்கும்போது பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். விரிசலில் பட்டி பூசி நீலம் அடிப்பது எளிது. துருப்பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கும் வைஸே வாங்குவோருக்கு நல்லது, எதுவும் மறைந்திருக்காது.

விரிசல் வரும் இடங்கள் மூன்று. நிலைத்தாடை உடலோடு சேரும் அடி, தண்டு ஓடும் பள்ளத்தின் வாய், போல்ட் போடும் காதுகள். முதலில் வைஸைக் கயிற்றில் தொங்கவிட்டு சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று ஒலித்தால் முன்தாடையைக் கழற்றித் தனித்தனியாக மறுபடி தட்டுங்கள், ஏனென்றால் உள்ளே தளர்ந்த பாகமும் ஒலியைக் கெடுக்கும். சந்தேகமான இடத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, டீசலோ மண்ணெண்ணெயோ தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் கருங்கோடாகத் தெரியும். காதில் விரிசல் என்றால் பித்தளைப் பற்று வைத்து ஒட்டிவிடலாம். கழுத்திலோ பள்ளத்தின் வாயிலோ விரிசல் என்றால் வாங்காதீர்கள். வார்ப்பிரும்பைச் சூடேற்றாமல் சாதாரண ராடால் வெல்டிங் செய்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். நிக்கல் ராட், முன்சூடு, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாத சின்னச் சின்னப் பற்று, ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி இறுக்கம் எடுப்பது, பிறகு சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுவது என்று முறையாகச் செய்தாலும், முழு பலத்தில் இறுக்கும் இடத்துக்கு அதை நம்ப முடியாது.

அடுத்தது நட்டு, அதாவது கைப்பிடியோடு சுற்றும் நீளத் திருகான ஸ்பிண்டில் ஓடும் மரைத் துண்டு. விலை பேசுவதே இதை வைத்துத்தான். உடலுக்குள் மறைந்திருப்பதால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பினால், தாடை அசையத் தொடங்கும் முன் எவ்வளவு வெறுமனே சுற்றுகிறது என்று பாருங்கள். கால் சுற்று வரை பழைய வைஸுக்குச் சரி. அரைச் சுற்றைத் தாண்டினால் மரை தேய்ந்திருக்கிறது. எந்த மரை என்று கண்டுபிடிக்க மூன்று இடத்தில் பாருங்கள்: தாடை அரை அங்குலம் திறந்த நிலை, இரண்டு அங்குலம் திறந்த நிலை, முழுக்கத் திறப்பதற்குச் சற்று முன். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால் தேய்ந்தது நட்டு. கிட்ட மூடும்போது மட்டும் தளர்ந்து, திறக்கத் திறக்க இறுகினால் தேய்ந்தது ஸ்பிண்டில், ஏனென்றால் அன்றாட வேலை முழுவதும் அந்த முதல் இரண்டு அங்குலத்தில்தான் நடக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். நட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று கன் மெட்டல் என்ற செம்புக் கலவையில் புது நட்டு கடைந்து, அதை ஸ்பிண்டிலின் தேயாத கடைசிப் பகுதிக்குப் பொருத்தினால், முன்பகுதியில் பழைய ஆட்டம் அப்படியே இருக்கும். முன்பகுதிக்குப் பொருத்தினால் கடைசியில் இறுகி நின்றுவிடும். அப்படிப்பட்ட வைஸுக்கு ஸ்பிண்டிலும் நட்டும் ஜோடியாகக் கடைய வேண்டும். கோயம்புத்தூரில் இதைச் செய்யும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூலி வைஸின் விலையைத் தொட்டுவிடும். அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

லீவர் வகையில் பாதி நட்டு ஒன்று ஸ்பிரிங் பலத்தில் ஸ்பிண்டிலைக் கவ்வி நிற்கும். ஒரு கட்டையை இறுக்கிப் பிடித்து மேலும் ஒரு தம் கொடுங்கள். 'டக்'கென்று ஒரு பல் தாவினால் அந்தப் பாதி நட்டின் பல்முனை மழுங்கியிருக்கலாம். அதற்காக உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பல்லிடுக்கில் மரத்தூளும் காய்ந்த கிரீஸும் கல்லாக இறுகியிருந்தாலும் இதே தாவல் வரும். ஊசியால் சுரண்டி, டீசலில் கழுவி, ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். லீவர் உள்ள 52½ தச்சு வைஸ்களில் பாதிக்குப் பாதி இந்த அழுக்குதான் நோய்.

மூன்றாவது சோதனை, தாடை தூக்குதல். ஒரு கட்டையை நடுவில் பிடித்து இறுக்கி, தாடைகளின் மேல்விளிம்பில் நேர்கோல் வையுங்கள். இறுக்க இறுக்க முன்தாடை மேலெழும்பினால் தண்டும் பள்ளமும் தேய்ந்திருக்கின்றன. வெறுந்தாடையை மூடி, இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் செய்தித்தாள் துண்டு கொடுத்து இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கினால் பெரும்பாலும் தகட்டுக்குப் பின்னால் துருவோ சில்லோ அடைந்திருக்கும். தகட்டைக் கழற்றி இருக்கையைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

தகட்டுத் திருகைக் கழற்றுவதில்தான் அதிகம் உடைகிறது. வெட்டுத் தலைத் திருகு. இத்தனை வருடத் துரு. ஸ்க்ரூ டிரைவர் முனை வெட்டின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியாக இருக்கும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு நாள் ஊறவிடுங்கள். டிரைவரைத் திருகின்மேல் வைத்து, தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, பிறகு கழற்றுங்கள். சூடு வைப்பதானால் எண்ணெயை முழுக்கத் துடைத்த பிறகு, தகட்டில் படாமல் திருகின் தலைக்கு மட்டும். தகடு நீலம் பாரித்தால் அதன் கடினம் போய்விட்டது. புதுத் தகடு செய்ய ஓ.எச்.என்.எஸ். எஃகு (எண்ணெயில் குளிரவைத்துக் கடினமாக்கும் கருவி எஃகு) வாங்கி, துளையெல்லாம் போட்டபின் சுமார் 800 டிகிரியில் எண்ணெயில் குளிரவைத்து, 250 டிகிரி அளவில் பதம் இறக்க வேண்டும். பல் வெட்டாத வழவழப்பான தகடாகவே செய்து போட்டால் பித்தளை, அலுமினிய வேலையில் தழும்பு விழாது.

போல்ட் விஷயத்தில் ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். பழைய ஷெஃபீல்டு சாமானில் இருப்பது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல மரை, கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரை 60 டிகிரி. 5/16 அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 18 மரை. அதன் விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால் எம்8 என்ற 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டைத் திணிப்பார்கள். அது இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். அந்த இடத்தில் பலம் கொடுத்தால் வார்ப்பிரும்பு மரை பொடியாகக் கொட்டும். கையால் முழுக்க ஏறாத போல்ட் அந்தத் துளைக்கு உரியது அல்ல. ஸ்பானரிலும் இதே குழப்பம்தான். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் அளவு போல்ட் தண்டின் விட்டம், தலையின் அகலம் இல்லை. 3/8 விட்வொர்த் தலைக்கு 18 மில்லிமீட்டர் ஸ்பானர் அச்சாகப் பொருந்தும். 1/2-க்கு 23-க்கும் 24-க்கும் நடுவில் நிற்கும், ஆகவே 24 போட்டால் தலை உருண்டுவிடும். ரோலர் காலத்து ஃபேக்டரி ஷெட்டுகளிலிருந்து விட்வொர்த் ஸ்பானர் செட் வந்தால் வைஸோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

துரு எடுக்க இரண்டு வழிகள் போதும். சின்ன பாகங்களுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட்: லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் அரித்து மங்கலாக்கும். ஸ்பிரிங்கை இதில் போடாதீர்கள். அமிலத்தில் உருவாகும் ஹைட்ரஜன் ஏறினால் கெட்டி எஃகு நொறுங்கும் தன்மை பெற்று ஒடியும். எடுத்ததும் சலவைச் சோடாத் தண்ணீரில் அலசுங்கள்.

உடலைப் போன்ற பெரிய பாகத்துக்கு மின்சார முறை. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் முனை வைஸில், பாசிட்டிவ் முனை வேண்டாத இரும்புத் தகட்டில். மாற்றி மாட்டினால் வைஸ் கரையும். எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், குரோமியம் கரைந்து நச்சாகும். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். தகடும் வைஸும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தகட்டுக்கு நேர் எதிரே இருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், ஆகவே சுற்றிலும் மூன்று நான்கு தகடுகள் வைத்து ஒன்றாக இணைப்பது நல்லது. வாயு எழும், கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் பீடியோ அடுப்போ கூடாது. ஒரு நாளில் துரு கருஞ்சேறாக மாறிக் கழன்றுவிடும். பழைய பெயின்டும் சேர்ந்து உரியும். அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகவே சுரண்டுங்கள். ஆங்கிள் கிரைண்டர் டிஸ்க்கைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம். எழும்பி நிற்கும் எழுத்தும் நம்பரும் ஒரு நிமிடத்தில் போய்விடும், போனது வராது.

சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகள் இதோடு நின்றுவிடும். மலையில் பாதி வேலை இனிமேல்தான். தண்ணீரிலிருந்து எடுத்த வெறும் இரும்பு குன்னூர் பனிமூட்டத்தில் பத்து நிமிடத்தில் செம்மஞ்சள் படியும். கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி இரும்பையே சூடாக்குங்கள், உடனே துடைத்து, அடுப்பருகிலோ ஹேர் டிரையர் காற்றிலோ முழுக்க உலர்த்தி, கை பொறுக்கும் சூட்டிலேயே எண்ணெய் தடவிவிடுங்கள். பெயின்ட் வேலையைப் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடலூரில் ஜூன் தொடங்கினால் முடியாது. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் அடித்த எனாமல் பால் படர்ந்தது போல் மங்கிவிடும். காலை பத்து மணிக்கு மேல், இரும்பு வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு கை ரெட் ஆக்சைடு, மறுநாள் ஒரு கை எனாமல். தண்டு, பள்ளம், மரை, தகட்டு இருக்கை இவற்றில் பெயின்ட் படக் கூடாது.

பெயின்ட் இல்லாத இடங்களுக்குத் தேன்மெழுகு. கோத்தகிரியிலும் ஊட்டியிலும் நல்ல மெழுகு கிடைக்கிறது, அந்த வகையில் மலைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரு பங்கு மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளி எடுத்து வந்த பிறகு நான்கு பங்கு டர்பன்டைன் கலக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் கட்டியானால் இன்னும் கொஞ்சம் டர்பன்டைன். மெல்லப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் துணியால் தேய்த்துவிடுங்கள். கைப்பிடி, திருகுத் தலை போன்ற சின்ன எஃகுப் பாகங்களுக்கு அழகான கருநிறம் வேண்டுமென்றால் துரு நீக்கியதும் கெட்டியான டஸ்ட் டீ டிகாக்‌ஷனில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருப்பாகப் படியும். பாதுகாப்பு கொஞ்சம்தான், மேலே மெழுகு கட்டாயம். காய்ந்த எண்ணெய்ப் பிசின், ஒட்டிய ஸ்டிக்கர் பசை இவற்றுக்கு நீலகிரித் தைலத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. பஞ்சில் நனைத்து ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

ஸ்பிண்டில் மரைக்கு கிரீஸ், தண்டுக்கு மெல்லிய மெஷின் ஆயில். தண்டிலும் கிரீஸ் அப்பினால் அரத்தூள் அதில் ஒட்டி, ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தச்சு வைஸுக்கு கிரீஸே வேண்டாம், மெழுகு போதும்.

பொருத்தும்போது நிலைத்தாடையின் முகம் பெஞ்ச் விளிம்பைத் தாண்டி ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) வெளியே நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியாது. தாடை உச்சி நிற்பவரின் முழங்கை உயரம். மரத்திருகு வேண்டாம், பலகையை ஊடுருவும் போல்ட், அடியில் அகல வாஷர். பெஞ்ச் தைல மரத்திலோ சீகை மரத்திலோ செய்ததென்றால் வைஸுக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் ஷீட் வையுங்கள். ஈரத்தில் மரத்தின் துவர்ப்பு இறங்கி வைஸின் அடிப்பாகத்தை அரிக்கும்.

இதே வரிசையில் வேறு என்ன பார்க்கலாம்? யார்க்‌ஷயரின் பார்க்கின்சன் 'பெர்ஃபெக்ட்' வைஸ் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். லீவர் வகையில் அதன் ஓட்டம் தனிச் சுகம். ஆனால் பாதி நட்டு போயிருந்தால் மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டும். சுத்தியல் அடி அதிகம் விழும் வேலை, வண்டிப் பட்டறை, கேட் கிரில் வேலை என்றால் பழைய ரெக்கார்டைப் பரிந்துரைக்க மாட்டேன். வார்ப்பிரும்பு அடிக்கு அஞ்சும். அங்கே ஜெர்மனியின் பிளெட்டன்பெர்க்கில் செய்யும் ஹாயர் போன்ற, சுத்தி அடித்து உருவாக்கிய எஃகு வைஸ்தான் சரி. அதில் தண்டின் தேய்மானத்தைத் திருகு வைத்து இறுக்கிக்கொள்ளவும் முடியும். விலை மிக அதிகம். அன்றாடம் உழைக்கும் கடைக்கு மட்டுமே தகும்.

பழைய 3-ம் நம்பருக்கு என் கணக்கு: கழுத்து நன்றாக இருந்து, நட்டு கால் சுற்றுக்குள் இருந்தால், பழைய இரும்பு எடை விலையைப் போல மூன்று மடங்கு வரை கொடுக்கலாம். தகடு போயிருந்தால் இரண்டு மடங்கு. ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால் எடை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். ரயில்வே முத்திரையோ அரசுத் தொழிற்சாலை முத்திரையோ குத்தியிருந்தால் ஏல ரசீது இல்லாமல் தொடாதீர்கள்.

கைப்பிடி லேசாக வளைந்திருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். யாரோ குழாய் சொருகி இறுக்கியபோது வார்ப்பு உடையாமல் அது வளைந்து கொடுத்திருக்கிறது. பல் தாவாமல், கழுத்தில் கோடு இல்லாமல் இருந்தால், வளைந்த கைப்பிடியைச் சூடாக்கி நிமிர்த்திக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் வைஸை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடும் பழக்கத்தை விடுங்கள். இரவில் குளிர்ந்த கனத்த இரும்பு, காலையில் வெயில் வந்த பிறகும் நெடுநேரம் சில்லென்றே இருக்கும். சூடேறிய ஈரக் காற்று அதில் பட்டு வியர்க்கும். பிளாஸ்டிக் அந்த வியர்வையை உள்ளேயே பிடித்து வைக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியை மெஷின் ஆயிலில் லேசாக நனைத்துப் பிழிந்து போர்த்தினால் போதும். ஜூலையில் வாரம் ஒருமுறை துணியைத் தூக்கி, தண்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.